கோப்பி இல்லை என்று சொன்ன கோப்பிக் கடை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், ஜொகூரில் லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பழைய ரொட்டிக் கடையில் நடந்தது இது.

நாங்கள் இருப்பது மாசாயில். என் கணவருக்குப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. எனக்கு ஒரு பல் கிளினிக்கில் முகப்பு வேலை. நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கே வாய் வலித்துவிடும். அவருக்கு இரவு ஷிப்ட் என்றால், நான் செருப்பு மாட்டும் நேரத்தில் அவர் வாசலில் சப்பாத்து கழற்றிக்கொண்டிருப்பார். "சாப்பாடு மேசை மேல இருக்கு" என்பேன். "ம்" என்பார். அந்த வாரத்துக் குடும்பப் பேச்சு அத்தோடு சரி.

இந்த அலுப்புக்கு நானாகக் கண்டுபிடித்த மருந்துதான் கடை தேடுவது. எனக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு ஜொகூரில் ஏதாவது ஒரு புதுக் காப்பிக் கடை, ரொட்டிக் கடை, காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் போய்ச் சாப்பிடும் பிரஞ்ச் கடை என்று கைப்பேசியில் பட்டியல் போட்டு வைத்திருப்பேன். போய் உட்கார்ந்து, தட்டை நாலு பக்கமும் திருப்பிப் படம் எடுத்து, முகநூலில் என் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதுவேன். படிக்கிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களும் பள்ளித் தோழிகளும்தான். இருந்தாலும் 'அடுத்து எங்கே?' என்று யாராவது கேட்டால் அந்த வாரம் முழுக்கத் தெம்பாக இருக்கும். கூட வரச் சொன்னால் என் கணவர் என்றைக்குமே வேண்டாம் என்று சொன்னதில்லை. "போலாம்" என்பார். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு இரவு ஷிப்ட் வாரம். காலையில் வந்து குளித்துவிட்டு கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இன்னிக்கு ரெண்டு கடை. ஒன்னு ஜொகூர் பாருல, இன்னொன்னு லாயாங் லாயாங்ல. ரொம்பத் தூரமா இருக்குமோ?"

"போலாம்" என்றார்.

முதலில் போன பிரஞ்ச் கடையில் வாசலிலேயே நீண்ட வரிசை. உள்ளே போனால் மேசைக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதி, வெளிச்சம் விழும் மேசைக்கு மாறுவதிலேயே போயிற்று. அவர் முட்டையைக் கிளறிவிட்டு வைத்துவிட்டார். "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றேன், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கிருந்து மோட்டார்சைக்கிளில் கூலாய் தாண்டினோம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒற்றைச் சாலை. நான் பின்னால் உட்கார்ந்து முதல் கடையின் படங்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் வண்டி நடுக்கோட்டைத் தாண்டிப் போனது. எதிரே வந்த லோரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி கடந்தது. "அலமாக், கண்ணு தெரியல போல!" என்று லோரிக்காரரைத்தான் திட்டினேன். இவர் அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். நிதானமான மனுஷன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ரொட்டிக் கடை இருந்த தெருவில் நுழைந்ததும், கடைப் பெயரை அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தேன். வண்டி சட்டென்று நின்றது. இறங்கி உள்ளே போனோம். பளிங்கு மேசை, மர நாற்காலி, சுவரில் நாள்காட்டி. எனக்குப் பிடித்த மாதிரிக் கடை. நான் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், இவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! வார்கூட அவிழ்க்கவில்லை. நெற்றியைச் சொறியப் போனவரின் விரல் ஹெல்மெட்டில் இடித்தது. இடித்தது கூடத் தெரியாமல் மறுபடியும் சொறியப் பார்த்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீடியோ எடுத்தேன். "விண்வெளிக்குப் போறீங்களா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்துவிட்டுக் கழற்றினார்.

கடைக்காரர் ஒரு சீனப் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் தோட்டம் என்பதால் தமிழ் வாடிக்கையாளர்களிடம் பழகிப் பழகித் தமிழ் பேசினார். கோப்பி இரண்டு, காயா பன் நாலு என்றேன். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயாவை உள்ளே வைத்துச் சுடும் பன். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"கோப்பி ஒன்னுதான் இருக்கு, தங்கச்சி. அவருக்கு சூடா பால் கொடுக்கறேன். பன் இன்னும் வேகல. சபார் லா, கொஞ்ச நேரம்."

சரி என்று காத்திருந்தேன். என் கோப்பியும் அவருடைய பாலும் வந்தன. இவர் பாதி குடித்துவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்தார். பத்து நிமிடத்தில் பக்கத்து மேசைக்கு ஒரு சீனக் கிழவர் வந்தார். அவருக்குச் சுடச்சுடக் கோப்பி போனது. எனக்குச் சுருக்கென்றது. ஒன்றுதான் இருக்கிறது என்றாரே?

அரை மணி ஆயிற்று. "பன் எப்ப வரும்?" என்று கேட்டேன். "சபார், சபார்" என்று கையைக் காட்டினார். அதோடு விட்டாரா? எங்கள் மேசைப் பக்கம் நின்ற காற்றாடியை என்னிடமிருந்து திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்தார். நான் வியர்வையில் நனைந்துகொண்டிருக்கிறேன்! பிறகு தொலைக்காட்சிச் சத்தத்தையும் சுத்தமாகக் குறைத்தார். சலிப்புத் தட்டி நாங்களே எழுந்து போகட்டும் என்று பார்க்கிறார்கள் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தச் சந்தேகம் வர அதிக நேரம் ஆகாது. வாடகைக்கு வீடு கேட்டு, என் தமிழ்ப் பெயரைச் சொன்னதும் 'ஆள் வந்தாச்சு' என்று பதில் வாங்கியவள் நான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அன்றைக்கு என் கண் நல்ல மஞ்சளாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழிந்தபோது என்னால் முடியவில்லை. அலுப்பான வாரம், வெயில், பசி, அவமானம் எல்லாம் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்த இடத்திலேயே என் பக்கத்தில் எழுதினேன். 'ஆளைப் பார்த்துப் பரிமாறும் கடை. நம்மவர்கள் யாரும் போகாதீர்கள்.' கடைப் பெயரையும் படத்தையும் போட்டேன். உடனே ஒரு தோழி, 'எனக்குத் தெரியும், சில கடைகள் அப்படித்தான்' என்று பதில் போட்டாள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

அதோடு விட மனமில்லை. நேரில் நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று எழுந்து கல்லாவுக்குப் போனேன். பின்கட்டுத் துணித்திரை பாதி ஒதுங்கியிருந்தது. உள்ளே இரும்புத் தட்டுகளில் வரிசை வரிசையாகப் பன். ஆறி, தாளால் மூடிக்கூட வைத்திருந்தார்கள்.

"அதான் பன் இருக்கே! எங்களுக்கு மட்டும் ஏன் இல்லைங்கறீங்க?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அந்தப் பெண் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். "ஷ்ஷ்" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காற்றாடிக் காற்று அவர் தலைமுடியை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக் கிழவர்கூடக் கோப்பிக் கோப்பையைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தார். அந்த முகத்தை அன்றைக்கு நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. கண்ணைச் சுற்றி அவ்வளவு கருப்பு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"உன் புருஷன் எப்படி வந்தாரு, நீ பாக்கலியா?" அந்தப் பெண் என்னை வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் வண்டியின் முன்சக்கரம் பெரிய சாக்கடையின் விளிம்பில் நின்றது. ஒரு சாண் தள்ளியிருந்தால் இரண்டு பேரும் உள்ளே. "பிரேக் புடிச்சாரு, ஆனா லொங்காங்கைப் பாக்கல. அப்புறம் ஹெல்மெட்டோட உக்காந்தாரு. நீ சிரிச்ச."

அந்தப் பெண் சட்டைக் கையை மடித்து முன்கையைக் காட்டினார். முழங்கை வரைக்கும் நீளமாக ஒரு சுட்ட தழும்பு. "நான் தினம் மூனு மணிக்கு எழுந்து ரொட்டி சுடறேன். ஒரு நாள் அடுப்பு முன்னாடி நின்னுகிட்டே தூங்கிட்டேன். கண்ணு தொறந்துதான் இருந்திச்சி. உன் புருஷனுக்கும் அதே கண்ணு, லா."

"சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றேன்.

"சொன்னா கேப்பீங்களா? அவரு 'ஓக்கே, ஓக்கே'ன்னு சொல்லுவாரு. கோப்பி குடிச்சா தூக்கம் போன மாதிரி இருக்கும், ஆனா போவாது. பன்னைக் கட்டிக் கொடுத்தா உடனே கெளம்பிடுவீங்க. அதான் இல்லன்னு சொன்னேன்."

நான் அங்கேயே, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சோர்வா, வெட்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கைப்பேசியை எடுத்து, எழுதியதை அழித்தேன். அதற்குள் நாலைந்து பேர் பார்த்துவிட்டிருந்தார்கள். மறைக்க மனம் வரவில்லை. உங்கள் கடையைப் பற்றி இப்படி எழுதினேன், இப்போது அழித்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நான் எட்டு மணிக்கே தூங்கிடுவேன். ஃபேஸ்புக் எல்லாம் எங்க பாக்கறது?" என்று சொல்லிவிட்டு ஒரு தட்டில் இரண்டு பன் வைத்துக் கொடுத்தார். "பசியாறு."

என் கணவர் நாலு மணிக்குத்தான் கண் விழித்தார். கொஞ்ச நேரம் கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்த எடம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லாயாங் லாயாங்ங்க. நீங்கதானே ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூலாய்ல சிவப்பு விளக்குல நின்னது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நீ சிரிச்சது."

கூலாயிலிருந்து அந்தக் கடை வரைக்கும் உள்ள சாலை அவரிடம் இல்லை. லோரி இல்லை, வளைவு இல்லை. அவ்வளவு தூரமும் நான் தூங்குகிற ஒருவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு தட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவரும் ஒரு பன் சாப்பிட்ட பிறகு கிளம்பினோம். திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். உரிமம் எடுத்து வருடக்கணக்காகப் பையில் கிடந்தது. படம் எடுக்கக் கை வேண்டும் என்று எப்போதும் பின்னாலேயே உட்கார்ந்து பழகிவிட்டேன். மெதுவாக, ஓரமாக ஓட்டினேன். "பேசிக்கிட்டே வாங்க. பேச்சு நின்னா வண்டிய நிறுத்திடுவேன்" என்றேன். பாவம், அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் பழுதான கதையைச் சொன்னார். பிறகு, இத்தனை கடைக்குப் போனதில் அந்தப் பாலும் பன்னும்தான் நன்றாக இருந்தது என்றார்.

"அப்ப மத்த கடையெல்லாம் புடிக்கலியா? ஏன் சொல்லல?"

"உனக்குப் புடிச்சிருந்திச்சே. நாம ஒன்னா இருக்கறதே அந்த ஒரு நாளுதான்."

நல்ல வேளை, முகத்தை ஹெல்மெட் மறைத்தது.

இப்போது இரவு ஷிப்ட் வாரத்துச் சனிக்கிழமைகளில் நாங்கள் எங்கேயும் போவதில்லை. அவர் தூங்குவார். நான் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் ஒரு பன் வாங்கிவந்து, சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து கோப்பி குடிப்பேன். உள்ளேயிருந்து குறட்டை கேட்கும். பகல் ஷிப்ட் வாரம் என்றால் எப்போதாவது லாயாங் லாயாங் போவோம். அவருக்கு அங்கே இப்போது கோப்பி கிடைக்கிறது.

வேலை இன்னும் அதே வேலைதான், அலுப்பும் அதே அலுப்புதான். என் பக்கத்தில் இப்போதெல்லாம் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அந்த ஹெல்மெட் வீடியோ மட்டும் யாருக்கும் காட்டாமல் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் அவர் செத்த கண்ணோடு உட்கார்ந்திருக்க, யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். அது என் குரல்தான் என்பது மறந்துவிடக் கூடாது என்றுதான் அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.