சரஸ்வதி பூசையில் இருந்த ரீச்சரின் கடதாசிகள்

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது தெல்லிப்பழையிலிருந்து ஒரு ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடு பண்டத்தரிப்பில். நான் தோட்டக்காரன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. என் தங்கச்சிக்கு ஒருகாலத்தில் படிப்பித்தவர் என்ற உரிமையில்தான் ரீச்சர் வந்தார். கிறிஸ்தவ வேதக்காரர், கலியாணம் செய்யாதவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவரோடு இரண்டு றங்குப்பெட்டிகளும் வந்து இறங்கின. உடுப்பாக்கும் என்று நினைத்து ஒன்றைத் தூக்கினேன். இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது.

“என்ன ரீச்சர், கல்லோ உள்ளுக்கு?”

“கடதாசி தம்பி. நான் உலகமெல்லாம் திரிஞ்ச கடதாசி.”

அவர் திரிந்தது உண்மைதான். பெண்பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு வரவைப்பது, வந்தவர்களை எப்படி இடையில் மறிக்காமல் படிக்கவைப்பது என்று பல தேசத்து ஆசிரியர்கள் கூடிக் கதைக்கிற கூட்டங்களுக்கு அவர் போய் வந்தவர். அங்கே பழகியவர்கள் எழுதிய கடிதங்களும், அவர் பேசுவதற்கு எழுதிவைத்த தாள்களும், படங்களும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. அவர் முன்பு படித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து நூல்நிலையம் அவற்றைத் தங்களுக்குத் தரும்படி கேட்டிருந்தது. பத்திரமாக வைத்து, பின்னால் வருகிறவர்கள் படிக்கக் கொடுப்பார்களாம். ஒரு மனுசியின் கடிதங்களைக் கடல் தாண்டியவர்கள் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் ரீச்சருக்கு உயிர் அதிலேதான் இருந்தது என்பது விளங்கியது. சாப்பாடு குறைந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். மழை தூறினால் மட்டும், “தம்பி, பெட்டிப்பக்கம் ஒழுகுதோ?” என்று கேட்பார்.

அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் உடம்பு அலுக்கிறது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. தோட்டத்துக்கு இறைக்கிற மெசினை ஓட்ட வழியில்லாமல் துலாவில் இறைத்துத் தோள் வீங்கியது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய் செத்துப்போன அப்புவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற கடமைகூட விட்டுப்போயிற்று. பாதை இல்லை. கிணற்றடியில் நின்று அதைச் செய்துவிட்டு, அப்பனே நீ பொறுத்துக்கொள் என்று கும்பிடுவேன்.

ஒரு புரட்டாதி மாதத்தில் ரீச்சரைப் பார்க்க ஒரு போதகர் வந்தார். கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போகப்போவதாகவும், ஒரு பை மட்டும் கொண்டுபோய் அங்கிருந்து நூல்நிலையத்துக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். இரண்டு பெட்டியிலிருந்து ஒரு பையைப் பிரிக்க வேண்டும். ரீச்சரின் கண்ணிலோ வெள்ளை படர்ந்திருந்தது. எனக்கோ இங்கிலீசில் எழுத்து மட்டுந்தான் தெரியும், வாசிக்க வராது. மகளைக் கேட்கலாம், அவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகிறது. ஆகவே நான் பார்க்கிறதைச் சொல்வேன், ரீச்சர் அது என்னவென்று சொல்வார். அப்படித்தான் வேலை நடந்தது.

“கடிதத் தலைப்பிலை ஒரு கொக்கு, வாயிலை கொப்பு வைச்சுக்கொண்டு நிக்குது.”

“கொக்கில்லை, புறா.”

“எங்கடை தோட்டத்திலை மேயிற புறா இப்பிடி நிக்கிறேல்லை ரீச்சர்.”

“அது சமாதானப் புறா. அதுதான் உமக்கு அடையாளம் தெரியேல்லை. இடப்பக்கம் போடும்.”

இடப்பக்கம் என்றால் பெட்டிக்கே திரும்பிப் போகிறது. வலப்பக்கம் என்றால் பைக்கு. பெரிய மனிதர்களோடு நின்று எடுத்த படமெல்லாம் இடப்பக்கம் போயின. மண்ணிறத் தாளில் கோணல் எழுத்தில் யாரோ எழுதிய கடிதம் ஒன்றைச் சொன்னபோது அதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆபிரிக்காவில் மரத்தடியில் பள்ளிக்கூடம் வைத்த ஒரு பெண் எழுதியதாம். அது வலப்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே போனது.

பை நிறைந்த நேரம் நவராத்திரி வந்துவிட்டது. மகளின் புத்தகங்களைச் சாமியறையில் அடுக்கும்போது ரீச்சரிடம் கேட்டேன்.

“உங்கடை பையையும் வைக்கட்டோ ரீச்சர்? போற பயணத்துக்கு நல்லது.”

“உம்மடை சரஸ்வதிக்கு இங்கிலீசு தெரியுமோ?”

“படிப்பெல்லாம் அவதானே தாறவ. தெரியாமல் இருக்குமோ?”

“அப்ப வையும்.”

பையைத் திறந்து மேல் தாளின் மூலையில் சந்தனம் தொட்டு, நந்தியாவட்டைப் பூ வைத்தேன். பூசைக்கு வைத்த புத்தகத்தை விசயதசமி காலைக்கு முன்னம் எடுக்கக்கூடாது, வாசிக்கவும் கூடாது. போதகர் வருவதாகச் சொன்ன நாளுக்கு இன்னும் காலம் இருந்தபடியால் நான் யோசிக்கவில்லை.

விசயதசமிக்கு முதல் நாள் மத்தியானம் போதகர் வேர்த்து விறுவிறுத்து வந்து சைக்கிளை வேலியில் சாத்தினார்.

“பாதை பூட்டப்போறாங்களாம். பின்னேரமே வெளிக்கிட வேணும். பையைத் தாருங்கோ.”

என் மனுசி சாமியறை வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, கையை வைக்காதேங்கோ. பிள்ளைக்கு மார்கழியிலை சோதனை. இடையிலை எடுத்தால் அவளின்ரை படிப்புக்குத்தான் கேடு.”

“நாளைக்கு இவர் நிக்கமாட்டாரப்பா.”

“அதுக்கு நான் என்ன செய்ய? அவவின்ரை கடதாசிக்கு என்ரை பிள்ளையே பலி?”

இது ரீச்சரின் காதில் விழுந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்.

“தம்பி, ஒரு பெட்டைப்பிள்ளையின்ரை படிப்புக்கு மேலாலை என்ரை கடதாசி போகவேண்டாம். அதுக்கில்லை நான் உதுகளை எழுதினது. ஐயா, நீங்கள் போயிட்டு வாங்கோ.”

சொல்லிவிட்டுத் திரும்பினார். இனி ஒரு ஆள், இனி ஒரு பை கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரவேட்டியோடு வந்தேன். “அவல் இருக்கே?” என்று மனுசியைக் கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவலும் சர்க்கரையும் குழைத்துக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள். மிச்சமிருந்த கட்டிக் கர்ப்பூரத்தைக் கொளுத்தினேன். அம்மா, உன் நாளை நான் முந்திச் செய்கிறேன், நீ கொடுத்த படிப்புத்தான் இது, கடல் தாண்டப் போகிறது, குறையிருந்தால் அதை என் தலையில் வை, பிள்ளையின் தலையில் வைக்காதே என்று வாய்விட்டுச் சொன்னேன். போதகர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முற்றத்தில் தலை குனிந்தபடி நின்றார்.

எடுத்தால் வாசிக்க வேண்டும். வாசிக்காமல் பூசை முடியாது. மேல் தாளை எடுத்து முதல் சொல்லை எழுத்துக் கூட்டினேன். “டி, ஈ, ஏ, ஆர்.”

“‘அன்புள்ள’ எண்டு கிடக்கு,” என்றார் ரீச்சர். “போதும் தம்பி. வாசிச்சாச்சு.”

சாமிக்கு வைத்த பூவை நிலத்தில் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அதோடேயே பையைக் கட்டிக் கொடுத்தேன். போதகர் ஒரு பிடி அவலை வாயில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

பிறகு நெடுங்காலம் ஒரு தகவலும் இல்லை. சோதனைக்குக் கிட்ட மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளமாய் அம்மாள் வருத்தம் வந்தது. மனுசி வேப்பிலை ஆய்ந்து கொண்டுவந்து போட்டாள், என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மகள் பொருக்கு உதிராத கையோடு போய் எழுதினாள். கணக்கைத் தவிர எல்லாம் பாஸ்.

“கணக்கை மட்டும் அந்தச் சரஸ்வதி பிடிச்சு வைச்சிட்டா,” என்றாள் மனுசி. அதுதான் அவள் என்னோடு பிறகு கதைத்த முதற் பேச்சு.

அடுத்த வருடம் செஞ்சிலுவைக்காரர் மூலம் அந்த நூல்நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் தட்டித்தடவி வாசித்தாள். பை வந்து சேர்ந்தது, ஒவ்வொரு தாளையும் தாள் பழுக்காத அமிலமில்லாப் பெட்டியில் அடுக்கியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். மேல் கடிதத்தில் மஞ்சளாக ஒரு கறையும் காய்ந்த பூ ஒன்றும் இருந்தன, அதன் பொருள் எங்களுக்குத் தெரியவில்லை, எறிய மனமில்லாமல் தனி உறையில் இலக்கம் போட்டு வைத்திருக்கிறோம் என்றும் இருந்தது.

ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். “உம்மடை பூவுக்கு நம்பர் போட்டிட்டாங்கள் தம்பி. இனி அது என்ரை கடதாசியோடை சேர்த்தி.” பிறகு, அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லி மகளைக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார். போதகமார் வந்து அடக்கம் செய்தார்கள். நான் வீட்டுக்கு வந்து தலை தோய்ந்துவிட்டு அவருக்கும் ஒரு விளக்கு வைத்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து எங்கள் பகுதி வலிகாமமே எழும்பி நடந்தது. மழையில், சனத்துக்குள் நசிந்து தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வாங்குகளை ஒதுக்கிவிட்டு எத்தனையோ குடும்பங்களோடு நாங்களும் கிடந்தோம். சாமிப்படம் எடுக்கவில்லை. மிச்சக் கடதாசி இருந்த ரீச்சரின் பெட்டிகளை அசைக்கவே முடியவில்லை. வீடு நிற்கிறதோ என்றும் தெரியாது.

மனுசி கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னாள்.

“எங்கடை வீட்டிலையிருந்து போய் ஓரிடத்திலை நனையாமல் கிடக்கிறது அந்த நந்தியாவட்டைப் பூ ஒண்டுதான், என்ன?”

“ஓமப்பா,” என்றேன். அவள் ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, மகளின் பக்கமாகச் சரிந்து படுத்தாள்.