பிறை தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்

நோன்புக் கஞ்சியின் மணம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் ஹார்பர் கரிப்புகையும் அதில் கலந்துவிடும். எங்கள் ராயபுரம் வீட்டில் அந்த வாசனை வந்தால்தான் சாயங்காலம்...

அந்த வருஷம் நோன்பு முடிகிற நேரத்தில் என் தம்பி மணி ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஐந்து. சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. விடாத காய்ச்சல், தலைவலி, அப்புறம் கண் ஒரு பக்கமாகச் செருகிக்கொண்டது. டிபி கிருமி மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். புதிதாக வந்திருந்த ஒரு ஊசி மருந்தை விட்டால் வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியில் அது தீர்ந்துவிட்டது. ரெண்டு நாள் தள்ளினாலும் சொல்வதற்கில்லை என்றார்.

மருந்துக் கடைக்காரர் நைனாவிடம் சொன்னார்: "பெட்டி இன்னிக்குக் காலையிலதான் கப்பல்லேர்ந்து எறங்கிச்சு. ஹார்பர் ஷெட்ல இருக்கு. பேங்க்ல பணம் கட்டி பேப்பர் வாங்கினாத்தான் வெளிய எடுக்கலாம்."

நைனாவுக்கு வேலையே அந்த ஹார்பரில்தான். மூட்டை தூக்குவார். தினமும் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் போவார். பிள்ளைக்கு வேண்டிய மருந்து உள்ளே இருக்கிறது, தொட முடியாது...

கடைக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் நைனாவும் கூடவே ஓடினோம். நாங்கள் போவதற்குள் வங்கியின் கம்பிக் கதவைப் பாதி இழுத்துவிட்டார்கள். பக்கத்துப் பலகையில் நோட்டீஸ். நாளை சனிக்கிழமை, ரம்ஜான், அரசாங்க விடுமுறை. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு.

"இனிமே திங்கக்கெயமதான்" என்றார் வாட்ச்மேன்.

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குள்ள புள்ள தாங்காதுபா..."

வாட்ச்மேன் முகமே மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கீதுபா. இன்னிக்குப் பிறை தெர்லன்னா பெருநாள் ஞாயித்துக்கெயமக்குப் பூடும். சர்க்கார் லீவையும் மாத்திடும், ரேடியோல சொல்வாங்க. அப்ப நாளிக்கு பேங்க் தொறந்துடும்."

அவர் நைனாவுக்குத்தான் ஆறுதல் சொன்னார். ஆனால் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்...

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் காதர் பாய். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. மேலே அவர் குடும்பம், கீழே நாங்கள். அவர் மகள் ஜமீலா என் தோஸ்து. வருஷா வருஷம் இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பிறை தேடுவோம். யார் முதலில் பார்ப்பது என்று எங்களுக்குள் போட்டி.

அன்றைக்கும் கூப்பிட்டாள். போனேன்.

மேற்கே ஆலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் சிவந்து கிடந்தது. தெரியக்கூடாது, தெரியக்கூடாது... முருகனிடம் வேண்டினேன், மாதா கோயில் மாதாவிடம் வேண்டினேன், ஜமீலாவின் அல்லாவிடமும் வேண்டினேன்.

அப்போது நான் பார்த்துவிட்டேன். வானத்தில் ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி.

வாயைத் திறக்கவில்லை.

"அங்க இன்னாடி பாக்குற?" என்றாள் ஜமீலா.

"ஒண்ணுமில்ல, காக்கா." அவள் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் பள்ளிவாசல் பக்கம் வேட்டுச் சத்தம். தெருவெல்லாம் கூச்சல். ஊரே பார்த்துவிட்டது. நான் மறைத்ததெல்லாம் ஜமீலா ஒருத்தியிடம்தான்.

அதற்கப்புறம் வந்த பயத்தை எப்படிச் சொல்ல... சாமி காட்டியதை மறைத்துவிட்டேன், அதற்காக மணியை எடுத்துக்கொள்ளப்போகிறார் என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

காதர் பாய் மேலே ஓடி வந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேங்க் லீவு, வேண்டிக்கொண்டது, பார்த்தது, மறைத்தது.

"அல்லா எங்க மணிய எடுத்துக்குவாரா பாய்?"

பாய் என் தலையில் கை வைத்தார்.

"அழுவாத. மருந்து பேரு இன்னா? டாக்டரு சீட்டு உங்க நைனா கைல கீதா?"

மறுநாள் காலை பெருநாள் தொழுகை முடிந்ததும் பாய் வீட்டுக்குத் திரும்பவில்லை. புதுச் சட்டையோடு நைனாவை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு மண்ணடிக்குப் போனார். அவருக்குத் தெரிந்த ஒரு தோல் வியாபாரி வீட்டம்மாவுக்கும் அதே ஊசிதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருநாள் அதுவுமாக அவர்கள் வாசலில் நின்று, திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொல்லி ஆறு பாட்டில் வாங்கினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அம்மாவும் காத்திருந்தோம். பாய் வரும்போது அத்தர் வாசனை முன்னால் வந்தது. கைக்குட்டையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார் அந்த பாட்டில்களை.

மணி பிழைத்தான்.

திங்கட்கிழமை பெட்டி வெளியே வந்தது. முதல் வேலையாக வாங்கிய ஆறையும் திருப்பிக் கொடுத்தோம். மாதக்கணக்கில் ஊசி போட்டு மணி நடந்தே வீட்டுக்கு வந்தான். ஆனால் காது கேட்கவில்லை. அந்த மருந்து சில பேருக்கு அப்படிச் செய்யும் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. உயிரை மட்டும் விட்டுவைத்து, நான் செய்ததற்குக் காதை எடுத்துக்கொண்டார் சாமி என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வங்கி விடுமுறைப் பட்டியல் வருஷம் பிறக்கும் முன்பே போனில் வந்துவிடுகிறது. வங்கி மூடியிருந்தாலும் பணம் போகிறது, மருந்து வாசலுக்கு வருகிறது. நல்லதுதான். ஆனாலும் ரம்ஜான் தேதிக்குக் கீழே "பிறையைப் பொறுத்து மாறலாம்" என்று பார்த்தால் இன்னும் என் கண் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

போன மாதம் துணிந்து எல்லாவற்றையும் மணிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். அச்சகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், பேரன் பேத்தி எடுத்தவன். படித்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பதில் வந்தது. "அன்னிக்கு பாய் வீட்டு பிரியாணி ஆறிப் போயிருக்குமே அக்கா. உன்னை யாரும் திட்டலையா?"

திட்டவில்லை, பிறையை மறைத்ததற்காக ஜமீலா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை என்று எழுதினேன்.

சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் ஒன்று அனுப்பினேன்.