வில்லிக்கு என் மகள் குரல்

டிவி தொடர்களில் கதாநாயகிகள் அழுவதற்கு மட்டும்தான் லாயக்கு. வில்லிகளால்தான் கதையே நகருகிறது. யார் என்ன சொன்னாலும் என் கட்சி அதுதான். டப்பிங் பேசும் என் மகள் இத்தனை காலம் கதாநாயகிகளுக்காக அழுதவள். போன மாதம் ஒரு வில்லி மருமகளுக்குப் பேசிக் காட்டக் கூப்பிட்டார்கள். யாரையும் அதட்டி அறியாதவள், "எனக்கு வராதும்மா" என்று கலங்கினாள்.

"என்னை மாமியாரா நினைச்சுத் திட்டுடி" என்றேன்.

"வாயை மூடு கிழவி! இனிமே உனக்குச் சோறு கிடையாது" என்று கத்தினாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி பாதித் தையலோடு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "வாங்கம்மா, எங்க வீட்டுல சாப்பிடுங்க. பெத்த பொண்ணு பேசுற பேச்சா இது?"

"கேட்டியாடி? வேலை உனக்குத்தான்" என்றேன் மகளிடம். அப்படியே கிடைத்தது. இப்போது ஊரே அந்த வில்லியைக் கரித்துக் கொட்டுகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.