பைக்குள் அடங்காத கம்பியூட்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் போடுவதற்கு, சிறுவயதில் நடந்த ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். என் சிறுவயதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்மா இறந்தபோது தம்பி கைக்குழந்தை. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே என் சிறுவயது முடிந்துவிட்டது. அதனால் அவன் மகளுடைய சிறுவயதிலிருந்து ஒன்றை எழுதுகிறேன். அதில் நானும் இருந்தேன். இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தேன்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, கண்டியில் படித்தாள். தம்பி ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் லொறி ஓட்டினான். அவன் மனைவி குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஆகவே பிள்ளை திங்கள் முதல் வெள்ளி வரை கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் என் வீட்டில். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அங்கே சந்தியில் தம்பி காத்து நிற்பான். ஞாயிறு மாலைதான் திரும்புவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத்தான் சீவியம். அவள் இல்லாத அந்த இரண்டு நாளும் மெஷின் சத்தம் மட்டும்தான் வீட்டில்.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவள் அம்மா ஃபோனில் கேட்டாள். கேம் விளையாட ஒரு கம்பியூட்டர் வேண்டுமாம். கடையில் பூட்டி விற்பது வேண்டாம், ஒவ்வொரு சாமானாகத் தானே தெரிந்தெடுத்துத் தானே பொருத்திப் பூட்டுவாளாம். தாய் சரி என்றுவிட்டாள். ஆனால் தகப்பன் ஒரு நிபந்தனை போட்டான். அவன் ஃபோனையும் அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"வாங்கு. ஆனா வெள்ளிக்கிழம அதையும் தூக்கிட்டு வரணும். அத அங்கன வச்சிட்டு வந்தீன்னா, ஒரு மாசத்துல நீயும் அங்கனயே நின்னுடுவ."

"நான் அப்பிடிச் செய்வேனாப்பா?"

"செய்வ. ஒங்க அத்தை கையால சோறு தின்னு வளந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

எனவே கம்பியூட்டர் பைக்குள் அடங்கவேண்டும், பஸ்ஸில் மடியில் வைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். படம் தெரிவதற்கு இரண்டு வீட்டிலும் டீவி இருந்தது. அன்றிலிருந்து அவள் ஒரு கொப்பி போட்டு எழுதத் தொடங்கினாள். நான் பொத்தான் தைக்கும்போது பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுவாள். எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். கேமில் படத்தை ஓட்டுவதற்கென்று ஒரு கார்ட் இருக்கிறது. அது நல்லதாக இருந்தால் நீளமாக இருக்கும், நீளமாக இருந்தால், எல்லாவற்றையும் வைத்துப் பூட்டுகிற கூடு சின்னதென்றால் அதற்குள் போகாது. கூட்டைப் பெரிதாக எடுத்தால் பைக்குள் போகாது. கரண்ட் கொடுக்கும் பெட்டியும் சின்னதாக வேண்டும், ஆனால் கார்ட்டுக்குப் பலம் போதவேண்டும். காற்றாடிக்கும் இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும். எழுதுவாள், வெட்டுவாள், மறுபடி எழுதுவாள். மேல் துணிக்கு லைனிங் பார்த்து, லைனிங்குக்கு நூல் பார்த்து எடுக்கிற வேலைதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு லீவு நாளில் கண்டிக்குப் போனோம். புறப்படும் முன் பையின் உள்ளளவைப் பார்க்கச் சொன்னாள். டேப் வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று அங்குலம்.

கடை ஒரு மாடியில் இருந்தது. முதலாளி முஸ்லிம் மனிதர், நல்ல கதைகாரர்.

"வாங்க உம்மா, இரிங்க. டெய்லரம்மாவா?" என்றார். அப்போதுதான் பார்த்தேன், கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றாமலே கண்டி டவுன் முழுக்க நடந்து வந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அவள் கொப்பியை விரித்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். கார்ட்டில் வந்ததும் நின்றார்.

"இந்தச் சின்னக் கூட்டுக்கு கட்டக் கார்ட்தான் மக சரி. நீங்க ஆசப்படுற கார்ட் இதுக்குள்ள போகவே போகாது. வெட்டிக் கட்டயாக்க இது துணியில்லயே, என்ன உம்மா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. அவர் வேறொரு கூட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்குள்ள போகும். முந்நூத்தி அம்பது மில்லிமீற்றர் நீளம். ஒங்கட பேக்ல அடங்குமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தை, பை உள்ளுக்கு எத்தன இஞ்சு?"

"பதினாலு" என்றேன்.

வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கிறவள் நான். அளவு பதின்மூன்று என்றால் பதினாலுக்குத்தான் வெட்டுவேன், பிறகு மடிப்பை அவிழ்த்துவிடலாம். நாற்பது வருடமாக அந்த ஓர் அங்குலம் என் வாயில் தானாகவே கூடித்தான் வரும். ஆனால் பை வளராது. அது எனக்குத் தெரியாதா? திருத்திச் சொல்ல நேரமும் இருந்தது. அவள் ஃபோனில் அங்குலத்தை மில்லிமீற்றராக மாற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இருந்தது. நான் ஜன்னல் வழியே கீழே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகும் அத்தை! அஞ்சு மில்லிமீற்றர் மிச்சமும் இருக்கு!" என்று குதித்தாள்.

இரண்டு நாள் என் வெட்டுமேசையில் வைத்துப் பூட்டினாள். மூச்சுவிடவும் பயந்து பூட்டினாள். பொத்தானை அமுக்கியதும் உள்ளே காற்றாடி சுற்றி, டீவியில் வெளிச்சம் வந்தபோது அவள் அழுதே விட்டாள்.

வெள்ளிக்கிழமை பைக்குள் வைத்தாள். பையின் ஸிப் பாதிவரை வந்து நின்றது. சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் அத்தை கணக்குப் பிழை விட்டுட்டேன். அப்பா என்னா சொல்லுவாரு?"

கடைக்கு ஃபோன் எடுத்தாள். "பூட்டினத்த மாத்த ஏலா மக" என்று சொல்லிவிட்டார். உடனே பின்னுக்கு ஓடி ஓர் உரப்பையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இதில் போட்டுக் கட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். மழை என்றேன். அந்த வளைவுகளில் பஸ் குலுக்கும் குலுக்கலில் உள்ளே கார்ட் கழன்றுவிடும் என்றேன். கார்ட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவள் நம்பினாள். தகப்பனுக்கு ஃபோன் செய்து, அத்தை சொன்ன பதினாலு அங்குலத்தையும் தன் கணக்குப் பிழையையும் சொல்லி அழுதாள். "சரி, இந்த வாரம் நில்லு, மெதுவா யோசிப்போம்" என்றான் அவன்.

அந்தச் சனி ஞாயிறு மாதிரி என் வீட்டில் முன்பு இருந்ததில்லை. கேமில் அவளுக்கு ஒரு தோட்டம் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றுவதற்கு எனக்குக் கீபோர்டில் ஒரு கட்டையைக் காட்டித் தந்தாள். "அத்தை, போதும், போதும், கரட் அழுகிரும்!" என்று கத்துவாள். நான் இன்னும் ஊற்றுவேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். டீவியில் நாடகம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் நின்றாள். அதற்கடுத்த வாரமும். தம்பி வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் எடுப்பான். "புள்ள சாப்பிட்டிச்சா அக்கா?" என்பான். சாப்பிட்டது என்பேன். அதோடு ஃபோனை வைத்துவிடுவான்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் அவனே வந்து நின்றான். கையில் லீக்ஸும் கரட்டும். மகள் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே "அப்பா, பாருங்க பாருங்க" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூலையில் கிடந்த பையை எடுத்து, மெஷின்மேல் இருந்த டேப்பை எடுத்து, உள்ளே வைத்து அளந்தான். என்னைப் பார்த்தான். நான் வளர்த்த பிள்ளை. அவன் போட்ட காற்சட்டைகள் எல்லாம் நான் தைத்தவை. பதினைந்து வயதுவரை ஒன்றாவது அவனுக்கு அளவாக இருந்ததில்லை.

"அக்கா, ஒரு பை தைக்க ஒங்களுக்கு எவ்வளவு நேரம் போகும்?"

"ஒரு மணித்தியாலம்."

"இத்தன வாரத்துல ஒரு மணித்தியாலம் கெடைக்கலயா?"

கோபமாகக் கேட்கவில்லை. மெஷினில் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க வரவில்லை, அவன்தான் கோத்துத் தந்தான். வெளியே பழைய மழைக்கோட்டுத் துணி, உள்ளே மெத்தைத் துணி, தோளில் போட அகலப் பட்டி. கம்பியூட்டர் அதற்குள் சுகமாகப் போய் இருந்தது.

"ஐயோ அத்தை, இத மொதல்லயே தைச்சிருக்கலாமே! ஒங்களுக்கு ஏன் யோசன வரல?"

"வயசாச்சு புள்ள."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு தகப்பனிடம் அந்த மில்லிமீற்றர் கணக்கைத் திரும்பவும் சொல்லி, தன்னையே ஏசிக்கொண்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். காட்டிக் கொடுக்கவில்லை. அன்று பின்னேரமே இருவரும் பஸ் ஏறினார்கள். பை அவள் மடியில் இருந்தது. ஜன்னலால் தலையை நீட்டி, "நாளைக்கி வந்துருவேன்தானே அத்தை, என்னாத்துக்கு மூஞ்ச இப்பிடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நாளைக்கு என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

இப்போது அவள் பெரிய பெண், கொழும்பில் வேலை. பிழையான கணக்குத் தன்னுடையது என்றே இன்றும் சொல்லிச் சிரிப்பாள். இதை வாசித்தால் தெரிந்துகொள்வாள்.

எனக்குச் சந்தேகமாக இருப்பது ஒன்றுதான். அவள் போகாமல் நின்ற வெள்ளிக்கிழமைகள் மூன்றா நான்கா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது தம்பியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவன் எண்ணியிருப்பான்.