ஜன்னலில் இல்லாத பெரியப்பா

லோத்குண்டாவில் எங்கள் மாடி வீட்டிலிருக்கும் டீச்சரம்மா பாளையங்கோட்டைக்காரர். "தம்பி, பறவை பாக்க பைனாகுலர் வெச்சிருக்கீங்கள்ல? அதை எடுத்துக்கிட்டு எங்க கோயிலுக்கு வாங்களேன்" என்றார். நான் அதுவரை பார்த்த ஒரே பறவை புறா என்பதைச் சொல்லவில்லை.

கன்டோன்மென்ட் பக்கம் பழைய சர்ச். பீடத்துக்கு மேலே, போரில் இறந்தவர்களுக்காக வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல். மண்டியிட்ட வீரன், அவன்மேல் குனிந்த தேவதூதன், கீழே பொடி எழுத்தில் பெயர்கள். டீச்சரம்மாவின் பெரியப்பா பர்மாச் சண்டையில் இறந்தவர். கல்லறை கிடையாது, போட்டோகூடக் கிடையாது. அவர் பெயர் இந்த ஜன்னலில் இருப்பதாக டீச்சரம்மாவின் அப்பா சாகும்வரை சொன்னாராம். அந்த உயரத்தில் இருப்பதைப் படிக்க டீச்சரம்மாவுக்குக் கண் போதவில்லை.

வெளிச்சம் நன்றாக விழுமே என்று முதலில் வெளியே போய்ப் பார்த்தேன். ஜன்னல் தார் பூசியது போலக் கறுப்பாக இருந்தது. உள்ளே நின்றால்தான் நிறம் தெரியுமாம். ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஒளியியல் பிரிவில் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

உள்ளே வந்து வாசித்தேன். ஒரு மேஜர். இரண்டு கேப்டன். வரிசையாக லெப்டினன்ட்கள். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள்.

"அப்புறம்?"

"கடைசி வரி. 'இவர்களுடன் இந்தியச் சிப்பாய்களும்.'"

"பேரு?"

"அவ்வளவுதாம்மா."

சினிமா போஸ்டரில் வரும் 'மற்றும் பலர்' ஞாபகம் வந்தது.

"அப்பா படிச்சுப் பாக்காமலே சொல்லியிருக்காரு" என்றார். பெயரைச் சேர்க்க முடியுமா என்று போதகரிடம் கேட்டார். பழங்காலத்து ஜன்னல், கை வைக்கக்கூடாது என்றார் அவர்.

டீச்சரம்மா அண்ணாந்து பார்த்தார். கூரையில் தொங்கிய ஃபேன்களின் இறக்கைகளில் எல்லாம் யாரோ ஒருவரின் 'நினைவாக' என்று எழுதியிருந்தது.

"ஃபேன் மாட்டலாம்ல?"

"டிசம்பர்ல யாருக்கும்மா காத்து?"

"ஏப்ரல் வரும்ல ஐயா."

ஜன்னலுக்கு நேர் கீழே, தாழ்வாக மாட்டினார்கள். தமிழில், ஓர் இறக்கையில் 'சிப்பாய்', அடுத்ததில் பெயர், மூன்றாவதில் ஊர். சுற்றினால் ஒன்றும் படிக்க முடியாது என்பது மாட்டிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஏப்ரல் வந்தது. ஆராதனை நடுவே ஒரு பெரியவர் அந்த ஃபேனின் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"நக்கோ" என்றார் டீச்சரம்மா, வேண்டாம் என்று அந்த ஊர் உருதுவில்.

"கைக்கு?" ஏன் என்று அதே உருதுவில் கேட்டார் பெரியவர்.

டீச்சரம்மா இறக்கையைக் காட்டினார். தமிழ் தெரியாத அந்த மனிதர், எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.