பித்தத்துக்கு மணி பார்க்கத் தெரியுமா?

வெயிலில் காய்ந்த சிமெண்ட் ஷீட் கூரைக்கு ஒரு வாசனை உண்டு. புழுதியும் எண்ணெயும் சேர்ந்து வறுபட்ட மாதிரி... ஒரு காலத்தில் அம்மாவின் சேலையில் எப்போதும் அந்த வாசனைதான்.

நான் ஒன்பதாவது முடித்திருந்த கோடை விடுமுறை. குமாரபாளையத்தில் அம்மா தறி ஓட்டும் பட்டறையில், ஒரு மூலையில் உட்கார்ந்து நூலகப் புத்தகம் படிப்பேன். மேலே மின்விசிறி இருந்தது. போட மாட்டார்கள், காற்று பட்டால் தறியில் நூல் அறுந்துவிடுமாம்.

ஒரு மதியம் அம்மா நின்ற இடத்திலேயே சரிந்தார். பக்கத்துத் தறி சரசக்கா தாங்கிப் பிடித்ததால், ஓடும் தறியில் கை மாட்டவில்லை.

"பித்தந்தான். எனக்கும் முந்தாநேத்து கிறுகிறுன்னு வந்துச்சு" என்றார் சரசக்கா.

எங்கள் ஊரில் தலைசுற்றல் எல்லாமே பித்தம்தான். எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துவிட்டு மறுபடி தறிக்குப் போய்விடுவார்கள்.

முதலாளி மட்டும் சொன்னார்: "இன்னொருக்கா இப்படி உளுந்தீன்னா, தறிய வேற ஆளுக்குத்தான் குடுக்கோணும்."

அம்மா எலுமிச்சம் சாற்றைக் குடித்துவிட்டு மறுபடி தறிக்கே போனார்.

மறுநாளிலிருந்து ரஃப் நோட்டில் எழுதத் தொடங்கினேன். யாருக்குத் தலை சுற்றியது, எத்தனை மணிக்கு, நூல் எப்போதெல்லாம் அறுந்தது...

"ஏஞ்சாமி, எங்க பித்தத்துக்கும் பரீட்ச வெக்கறயா?" என்று சரசக்கா சிரித்தார்.

பத்தாம் நாள் முதலாளியிடம் நோட்டை நீட்டினேன்.

"ஏனுங்க மாமா, பித்தத்துக்கு மணி பாக்கத் தெரியுங்களா?"

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்திக் கேட்டேன்.

"எல்லாருக்கும் ரெண்டுல இருந்து நாலு மணிக்குள்ளதானுங்க வருது. மழ பேஞ்ச அன்னிக்கு ஒருத்தருக்கும் வரலீங்க. இது பித்தமில்லீங்க, ஷீட்டுச் சூடு."

அவர் பக்கத்தைப் புரட்டினார். "நூல் அறுந்ததும் அதே நேரமா?"

"ஆமாங்க. சூட்டுல நூலும் காஞ்சு அறுந்துருதுங்க."

"அப்ப நூலுக்கும் பித்தம் போலிருக்குதுங்க மொதலாளி" என்றார் சரசக்கா.

பட்டறையே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டு, முதல்முறையாகக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டிலிருந்து நாலுவரை தறி நிற்கும். பதிலாக விடியற்காலையில் ஓடும். அம்மாவின் தறி அம்மாவிடமே இருந்தது.

இப்போது நான் பதினொன்றாவது. அம்மாவின் சேலையில் நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனை மட்டும்தான். வெயில்தான் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது...

நேற்று அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அக்கா ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "பித்தமாட்ட இருக்குதுங்க" என்றார். அம்மா அவரை வேப்பமர நிழலில் உட்காரவைத்து, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். அந்த அக்காவின் முகம் தெளிந்த பிறகு அம்மா என்னைப் பார்த்தார்.

"மணி என்னாச்சு சாமி?"

"ஒண்ணரைங்கம்மா."

அம்மா உள்ளே போனார். ஒவ்வொரு தறியாகச் சத்தம் அடங்கியது. நேற்று அரை மணி நேரம் முன்னதாகவே பட்டறை நின்றது. முதலாளியை யாரும் கேட்கவில்லை.