ஆடிக்காற்றும் ஒரு கேபினெட் ஓட்டையும்

1. தானாக நிற்கும் மிஷின்

உத்தமபாளையத்திலிருந்து ஜீனத் போன் செய்தபோது நான் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் இன்சார்ஜ். 2004, ஆனி மாதக் கடைசி.

"சார், மறுபடியும் தானா நின்னுருச்சு. பொண்ணு பேர் வரைக்கும் அடிச்சிருந்தேன். மாப்பிள்ளை பேர் வர்றதுக்குள்ள ஸ்கிரீன் கருத்துப்போச்சு."

"சேவ் பண்ணலையா?"

"பண்றதுக்குள்ளதான் நின்னுருச்சுங்கிறேன்."

ஜீனத் டிடிபி சென்டர் நடத்திவந்தார். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கு ஆடியில்தான் பத்திரிகை தயாராகும். கடை இருந்தது அவருடைய மாமனாரின் கட்டடத்தில். அந்த இடத்தைச் செல்போன் கடைக்காரர் ஒருவர் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஆர்டர் தேனிக்குப் போச்சுன்னா கடைய விட்டுரணும்னு மாமா சொல்லிட்டாக சார். கோவமாக்கூடச் சொல்லல. அதான் பயமா இருக்கு."

போய்ப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தெருவைப் பார்த்த மேற்குச் சன்னல் வழியே அடிக்கிற காற்றில் தாள்கள் பறக்கின்றன என்று அதை இறுக்கி அடைத்திருந்தார். சன்னலோரம் இருந்த கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டேன். தோசைக்கல் போலச் சுட்டது. பிராசசர் சூடு ஓர் அளவைத் தாண்டினால் மிஷின் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, தற்காப்பு. இந்த விளக்கத்தைக் கேட்டு ஆறுதல் அடைந்த வாடிக்கையாளர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கேபினெட்டின் பக்கக் கதவில் ஓட்டை போட்டு ஒரு பெரிய ஃபேன் வைக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"கேபினெட்ட வெட்டுனா வாரண்டி போயிரும். புது மிஷின் வாங்கச் சொல்லுங்க."

வாரண்டி அட்டையின் வாசகத்தை எழுதியவனே நான்தான். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், ரேம் எல்லாம் அதில் உண்டு, கேபினெட் கிடையாது. ஒரு தகரப் பெட்டி என்ன கெட்டுப்போய்விடும் என்று அதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். இல்லாத வாரண்டி எப்படிப் போகும் என்று கேட்டேன். இனிமேல் அட்டைகளை அவரே எழுதிக்கொள்வார் என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது.

2. தவமணியின் பட்டறை

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தவமணியின் கிரில் பட்டறை. கேட், சன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். நானும் ஜீனத்தும் கேபினெட்டைக் கொண்டுபோய் இறக்கிவைத்த உடனே, பக்கக் கதவைக் கழற்றாமலே டிரில்லோடு வந்தார்.

"கழட்டணும் தவமணி."

"எதுக்கு சார்? கதவு மாட்டுன வீட்லயே பூட்டுக்கு ஓட்டை போடுறவன் நானு."

"இரும்புத் தூள் உள்ளே விழுந்தா இந்த வீடே போயிரும்."

இந்த வேலை செய்யப்போகிறவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். கதவைக் கழற்றித் தனியே எடுத்துப்போங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் வட்டம் வரையுங்கள். டேப் இல்லாவிட்டால் ஜிக்சா ரம்பத்தின் அடித்தகடு பெயின்ட்டைக் கீறும். சென்டர் பஞ்சால் சின்னக் குழி அடிக்காமல் டிரில் வைத்தால் பிட் வழுக்கி ஓடும். தகட்டுக்கு அடியில் பலகை கொடுத்து கிளாம்ப் போடுங்கள். இல்லையென்றால் தகடு பிளேடோடு சேர்ந்து ஆடும். கோட்டுக்கு உட்புறம் ஒரு துளை போட்டு, அதில் மெட்டல் பிளேடை இறக்கி, அவசரமில்லாமல் சுற்றி வாருங்கள். பிறகு அரம் போட்டுப் பிசிறெடுத்து, துடைத்து, அப்புறம்தான் மாட்ட வேண்டும். கண்ணாடி போடாமல் இதில் எதையும் தொடக் கூடாது. நான் வற்புறுத்தியதால் தவமணி கண்ணாடி போட்டார். கூலிங் கிளாஸ்.

ஆனாலும் வட்டம் சுத்தமாக வந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"வெறும் ஓட்டையாவா அனுப்புறது? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாக? ஒரு மயில் வச்சுருவமா?"

"மயிலெல்லாம் வேணாம்ணே" என்றார் ஜீனத்.

"அப்ப பிறை?"

"நான் மூணு மதத்துக் கல்யாணமும் அடிக்கிறேன். எல்லாத்துக்கும் பொதுவா எதுனா வைங்க."

தவமணி கம்பியை வளைத்து ஒரு திராட்சைக் கொத்து செய்தார். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த இந்தப் பக்கம் அதைவிடப் பொதுவானது எதுவும் இல்லை.

"ஃபேனுக்கு முன்னால கம்பி வைக்கிறது விரல் போகாம இருக்க. காத்து போகாம இருக்க இல்ல" என்றேன்.

"காத்துக்குக் கண்ணு இருக்கு சார். வழி பாத்துப் போயிரும்."

சூட்டை வெளியே தள்ளும்படி ஃபேனை மாட்டினேன். என் சர்வீஸ் புத்தகம் சொல்வதும் அதைத்தான். ஓட்டை சன்னலைப் பார்த்திருக்க, சன்னலை ஒரு சாண் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுத் தேனிக்கு வந்துவிட்டேன்.

3. புகை

ஆடி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை மறுபடி போன். சின்னமனூர் ரைஸ் மில்காரர் வீட்டுப் பத்திரிகை. சாயங்காலத்துக்குள் புரூஃப் கொடுக்க வேண்டும். மிஷின் காலையிலிருந்து நின்று நின்று போகிறது. நான் போனபோது ஜீனத்தின் மாமனார் கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தவமணியையும் வரவழைத்தோம்.

"ஒங்க திராட்சைதான் அடைக்குது" என்றேன்.

"ஒங்க ஃபேனுக்குத் தெம்பில்ல. திராட்சை என்ன பண்ணும், பாவம்?"

"பாதி ஓட்டை கம்பியா இருக்கு தவமணி."

"கம்பி இல்லாட்டி பொம்பளப்பிள்ள வெரலு போயிரும்னு நீங்கதான சார் சொன்னீக?"

"சண்டைய வெளிய வச்சுக்கங்க" என்றார் ஜீனத். "எனக்கு அஞ்சு மணிக்கு ஆள் வருது."

மிஷினை மறுபடி ஆன் செய்து காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் கடைகடையாகச் சாம்பிராணி போடும் பெரியவர் தெருவில் வந்து, சட்டியைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து மயிலிறகால் விசிறினார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரின் முன்பக்கப் பிளாப்பி டிரைவிலிருந்து புகை வந்தது.

தவமணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டார். "ஊத்தாதய்யா" என்று நான் அவர் கையைப் பிடித்தேன். நான் பிளக்கைப் பிடுங்கப் போவதற்குள் ஜீனத் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"சார், தீயில்ல. சாம்பிராணி."

தவமணி குடத்தை இறக்கினார். ஜீனத் தொடர்ந்தார்.

"பொகை சன்னல் வழியா வந்து திராட்சைக்குள்ள போயி இங்கன வருது. அப்ப ஒங்க ஃபேன் எதத்தான் வெளிய தள்ளுது?"

எதையும் தள்ளவில்லை. ஆடிக்காற்று சன்னலில் நின்று உள்ளே நெட்டுகிறது; உள்ளங்கை அகல ஃபேன் அதை எதிர்த்து நிற்கிறது. சூடு நடுவில் மாட்டிக்கொண்டது. திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைத் தவமணி உடனே எல்லாருக்கும் அறிவித்தார்.

நான்கு ஸ்குரூவைக் கழற்றி ஃபேனைத் திருப்பி மாட்டினேன். இனி காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமிருந்தே ஃபேனும் உள்ளே இழுக்கும். தூசிக்கு ஜீனத் கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டித் திராட்சைக்குப் பின்னால் வைத்தார். அரை மணி நேரத்தில் தகடு கையைச் சுடவில்லை. பிரிண்டர் இரைந்தது. மாமனார் புரூஃபை வாங்கி, கண்ணுக்கு எட்டக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"மாப்பிள்ளை பேர் வந்துருச்சே" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

4. ஒரு வரி

அந்த ஆவணியில் ஜீனத்தின் ஆர்டர் எதுவும் தேனிக்கு வரவில்லை. செல்போன் கடைக்காரர் எதிர்வரிசையில் இடம் பார்த்துக்கொண்டார். அந்தக் கடையின் போர்டுக்கு எழுத்து அமைத்துக் கொடுத்தது ஜீனத்.

என் ஜூனியர்களுக்காக எழுதி வைத்திருந்த செய்முறையில் ஒரு வரி சேர்த்தேன்: ஓட்டைக்கு வட்டம் வரையும் முன் தெருவுக்குப் போய் நின்று பார், காற்று எங்கிருந்து வருகிறது என்று. என் புத்தகத்தை எழுதியவர் சன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். முறையை மனப்பாடம் செய்யுங்கள். அது எந்த ஊரில் எழுதப்பட்டது என்றும் ஒருமுறை கேளுங்கள்.

ஐப்பசியில் வேறு வேலையாக உத்தமபாளையம் போனேன். ஜீனத் கீபோர்டிலிருந்து தலை நிமிரவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் உள்ளே திரும்பினார். அவர் சட்டைப்பையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது.

"ஏம்மா, காத்து தெசை மாறி வாடை தொடங்கிருச்சு. அந்தக் காத்தாடியத் திருப்பணுமா, வேண்டாமா?"